பிளவுஸ் தைக்கிற அக்காவுக்கு, அப்புறம் உங்கள் எல்லோருக்கும்

ஆபரேஷன் முடிந்து நேற்று அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ரத்தம் கொடுத்தவர்கள், பணம் அனுப்பியவர்கள், மும்பை பரேல் ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்த தம்பிகள், கஞ்சியும் ரசமுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தனுப்பிய எங்கள் சால் (வரிசைக் குடியிருப்பு) வீடுகள், எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியாக வேண்டும். தாராவி 90 அடி ரோட்டில் பிளவுஸ் தைக்கிற அக்கா. பெயரைப் போட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறார், அதனால் பெயர் இல்லை.

கட்டி இருந்தது ஈரலின் இரண்டு பித்தக் குழாய்களும் சேர்கிற இடத்தில், பித்தம் இறங்க வழியில்லாமல் காமாலை, அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. ஆபரேஷனுக்கு முன் காமாலை இறங்க வேண்டும் என்று விலா இடுக்கு வழியாக ஈரலுக்குள் ஒரு குழாய் விட்டு, பித்தம் வெளியே பிளாஸ்டிக் பையில் வடிகிற மாதிரி வைத்து அனுப்பினார்கள். பி.டி.பி.டி. என்பார்கள். காமாலை இறங்கியது, தூங்க விடாத அந்த அரிப்பும் அடங்கியது. ஆனால் அம்மா வெளியே வர மறுத்துவிட்டார். ஒரு நாள் சயான் ஸ்டேஷன் வரை வந்துவிட்டு, பச்சையும் மஞ்சளுமாக ஆடுகிற பையை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று படியேறாமல் நின்றுவிட்டார். மளிகைக்கடைப் பையில் அதை வைத்து நான் தூக்கிப் பார்த்தேன், குழாய் மடங்கி, வேண்டாம், அதை விடுங்கள்.

அம்மா இளைத்துப்போய் பிளவுஸெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதே, பிடித்துத் தாருங்கள் என்றுதான் அந்த அக்காவிடம் போனேன். பேச்சோடு பேச்சாகப் பை விஷயமும் வந்தது. "குழாய் எந்தப் பக்கம்? பை தொங்கணுமா?" என்று கேட்டார். வலது பக்கம், குழாய் நுழைகிற இடத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும், மேலே போனால் வடியாது என்றேன். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் வீட்டு வாசலில் நிற்கிறார், கையில் அந்தப் பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை. உள்ளே குடைத்துணி, வெளியே அம்மாவின் நாவல்பழக் கலர் பிளவுஸில் மீந்த துணி, பாவாடை நாடாவில் கோத்துக்கொள்ள இரண்டு காது. பித்தத்தை வடித்துக் கொட்ட அடியில் ஒரு திறப்பு. பக்கவாட்டில் பிரஸ் பட்டன் வைத்த நீளக் கீறல், திறந்தால் எத்தனை மில்லி என்று கோட்டைப் பார்க்கலாம். தினமும் அளவு எழுதுகிறோம் என்று நான் போகிற போக்கில் சொன்னதற்கு! காசை நீட்டினேன், முறைத்தார். அம்மா அதைக் கட்டி மேலே புடவையை விட்டுக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். சாயங்காலம் கோயிலுக்குப் போகலாமா என்றார்.

இனி ஆறு மாதம் கேபசிட்டபின் என்கிற புற்றுநோய் மாத்திரை, இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விட்டு. பார்ப்போம்.

ஒன்று உறுத்துகிறது. ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தியது நான்தான். மலம் வெளுத்துப்போச்சு, உடம்பெல்லாம் அரிக்குது என்று அம்மா சொன்னபோதே ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். இனி யார் காமாலை என்றாலும் கூச்சப்படாமல் மலத்தின் நிறத்தைக் கேட்பேன், வெளுத்திருந்தால் பித்தம் அடைபட்டிருக்கலாம், திட்டினாலும் சரி.

அப்புறம், அக்கா இன்னும் நான்கு பை தைத்து வைத்திருக்கிறார், துணி என் செலவு. தேவைப்படுகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள். அளவு வேண்டாமாம், குழாய் எந்தப் பக்கம் என்று மட்டும் சொன்னால் போதுமாம்.