குறிப்பெடுக்க ஓர் ஆளை அனுப்புங்கள்

திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனங்களில் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் படத்தொகுப்பாளன். படப்பிடிப்புத் தளத்துக்கு அதிகம் போகாதவன். அங்கே பகலில் நடந்ததெல்லாம் ராத்திரி வந்து சேரும் ஹார்ட் டிஸ்க் வழியாகத்தான் எனக்குத் தெரியும். யாருக்கு வேலை தெரியும், யார் அவசரப்பட்டார், எந்த இரண்டு பேருக்கு நடுவில் பேச்சே இல்லை என்பதுவரை அந்த டிஸ்க் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் மாணவர்களின் டிஸ்க்குகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு குறும்படம் வந்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பதினோரு நிமிடப் படத்துக்கு ஏழு மணி நேர ஃபுட்டேஜ். உள்ளே 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு'. ஒரு கேமராவில் நொடிக்கு 24 ஃபிரேம் வைத்திருக்கிறார்கள், இன்னொன்றில் 25. கிளாப் அடித்திருக்கிறார்கள், ஆனால் ஃபிரேமுக்கு வெளியே. சத்தம் கேட்கிறது, பலகையைக் காணோம். டைட்டில் கார்டுக்கு அனுப்பிய பட்டியலில் 'இயக்கம்' என்று நான்கு பெயர்கள். கன்டினியூட்டிக்கு, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் எதுவும் முரண்படாமல் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலைக்கு, எதிரே ஒன்றுமில்லை.

கிளாப் பலகையை மாணவர்கள் சடங்குபோல நினைக்கிறார்கள். படமும் ஒலியும் தனித்தனிக் கருவிகளில் பதிவாகின்றன. இரண்டு கட்டைகளும் ஒட்டுகிற அந்த ஒரு ஃபிரேமையும், ஒலி அலையில் நெட்டுக்குத்தாக எழும் கோட்டையும் பொருத்திவிட்டால் முடிந்தது வேலை. பலகை தெரியாவிட்டால் உதட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு ஷாட்டாக ஒட்ட வேண்டும். படத்தைவிட ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவருக்கு உறுத்த ஆரம்பிக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பிந்தினால் 125 மில்லிநொடி வரை தாங்கும். மின்னலுக்குப் பிறகுதான் இடி என்று பழகிய காதல்லவா! 24 ஃபிரேம் கணக்கில் 45 மில்லிநொடி என்பது ஒரு ஃபிரேமும் கொஞ்சமும். நான் மூன்று ராத்திரி தேடியது அந்த ஒரு ஃபிரேமைத்தான்.

ஆனால் அதே டிஸ்க்கில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் போட்டோக்களும் இருந்தன. மூன்று சீனுக்கு மட்டும். அதில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது:

"சீன் 14, ஷாட் 3, டேக் 4. நடிப்பு இதுதான் பெஸ்ட். 'போகாத' சொல்லும்போது ஹாரன். டேக் 2-ல அந்த வார்த்தை சுத்தம். பை இடது தோள். கண்ணாடி கழட்டினது 'சரி'க்கு அப்புறம்."

டேக் 2-இலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் உருவி, டேக் 4-இல் நடிகரின் முகம் திரும்பும் இடத்தில் வைத்தேன். உட்கார்ந்துவிட்டது. டப்பிங் வேண்டியிருக்கவில்லை. பை எந்தத் தோளில் என்று தெரிந்ததால் எந்த க்ளோஸப்பை ஒதுக்குவது என்றும் தெரிந்தது. படத்தில் உருப்படியாக வந்த காட்சி அது ஒன்றுதான் என்பேன்.

யார் எழுதியது என்று விசாரித்து, அந்த மாணவியிடம் போனில் பேசினேன். பாராட்டத்தான் கூப்பிட்டேன். அவர் சொன்னது: "மன்னிச்சிடுங்க சார், அன்னிக்கு வேற யாரும் இல்லைன்னு என்னை உட்கார வெச்சுட்டாங்க. நான் டைரக்‌ஷன் ஸ்டூடன்ட்தான்."

மன்னிப்புக் கேட்கிறார்! அவரை நான் குறை சொல்லவில்லை. கன்டினியூட்டி என்றால் ஓரமாக உட்கார வைக்கப்படுகிறவர் என்று எங்கோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். நடிகரிடமிருந்து கண்ணை எடுக்காமல் கை எழுத வேண்டும். நாளைக்கு எடிட்டருக்கு எது தேவைப்படும் என்று இன்றைக்கே தெரிய வேண்டும். அதைவிடக் கஷ்டம், எதை எழுதாமல் விடலாம் என்று முடிவெடுப்பது. எல்லாவற்றையும் எழுதுகிற நோட்டும் வெற்று நோட்டும் எனக்கு ஒன்றுதான். இதை ஒரு பாடமாக, முழுப் பருவமாக, நடத்துகிறவர் உங்களில் எத்தனை பேர்?

ஒலிப்பதிவிலும் இதே கதை. ஆள் இல்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. வசனம் முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி 30 நொடி அதைப் பதிந்துவிட்டால், வெட்டிய இடங்களுக்கு அடியில் நான் விரித்துக்கொள்வேன். கேட்பதற்குக் கூச்சப்பட்டே விட்டுவிடுகிறார்கள். எடுத்ததைப் பத்திரப்படுத்தும் டேட்டா பார்க்கிறவர் விஷயம் இன்னும் எளிது: இரண்டு பிரதி எடுத்து, சரிபார்த்து, அதற்குப் பிறகு மட்டுமே கேமராவின் மெமரி கார்டை அழிக்க வேண்டும். இரண்டு பிரதியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனவரை எனக்குத் தெரியும். பை தொலைந்தது.

தொலைக்காட்சியில் இந்த வேலைகள் இன்னும் கண்ணுக்குத் தெரியாதவை. நேரலையில், அரங்குக்குள் நின்று நிகழ்ச்சியை நடத்திக்கொடுக்கும் ஃப்ளோர் மேனேஜரின் காதில் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். அதே செய்தியை ஃப்ளோர் மேனேஜர் விருந்தினருக்கு விரல்களால், சிரித்த முகத்தோடு கடத்த வேண்டும். நிகழ்ச்சி முடிய எத்தனை நொடி இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறவருக்கு அறுபதை அடிமானமாக வைத்துக் கழிக்கத் தெரிய வேண்டும். சாதாரணக் கால்குலேட்டரில் நிமிடத்தையும் நொடியையும் அப்படியே போட்டால் தப்பாகத்தான் வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் என் தூக்கம் போன கதை. உயிர் போன கதைகளும் உண்டு.

2014 பிப்ரவரி 20. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ரயில் பாலத்தின் மேல் படப்பிடிப்பு. தண்டவாளத்துக்குச் சொந்தமான நிறுவனம் அனுமதி மறுத்திருந்தது. படப்பிடிப்புக்கு இடம் பார்த்து அனுமதி வாங்கும் லொகேஷன் மேனேஜர் அன்று வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் போனார்கள். ரயில் வந்தது. சாரா ஜோன்ஸ் என்ற 27 வயது கேமரா உதவியாளர் இறந்தார். இயக்குநர் சிறைக்குப் போனார். லொகேஷன் மேனேஜருக்கு என்ன தகுதி வேண்டும் என்று மாணவர் கேட்டால், நல்ல இடம் பிடிக்கத் தெரிவதற்கு முன்னால், அன்று அவர் சொன்ன 'மாட்டேன்'ஐச் சொல்லுங்கள்.

2021 அக்டோபர் 21, நியூ மெக்சிகோ. நடிப்புக்கான துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவருக்கு 2024-இல் தண்டனை கிடைத்தது. அவர் குற்றவாளி என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர் தலையில் அதே படத்தில், நடிகர்கள் கையாளும் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவின் உதவியாளர் வேலையையும் கட்டியிருந்தார்கள். ஓர் ஆளுக்கு இரண்டு வேலை கொடுப்பதை மிச்சம் பிடிப்பது என்கிறோம். மாணவர் படங்களில் அதைத் திறமை என்றே பாராட்டுகிறோம்.

நீங்கள் சொல்லப்போவது தெரியும். 'பசங்க இயக்குநர் ஆகத்தான் பணம் கட்டிச் சேருகிறார்கள். கன்டினியூட்டி என்று பெயர் வைத்தால் வகுப்புக்கு யார் வருவார்கள்?' நியாயம்தான். நானும் இயக்குநராகத்தான் வந்தேன். வெளியில் கிடைக்கும் மரியாதையும் அப்படித்தான் இருக்கிறது. 1929 முதல் கொடுக்கப்படும் ஆஸ்கரில் நடிகர் தேர்வுக்கென்று தனி விருது 2025-இன் படங்களிலிருந்துதான் ஆரம்பம். சண்டை வடிவமைப்புக்கு 2027-இன் படங்களிலிருந்து. கன்டினியூட்டிக்கு இன்னும் இல்லை. மரியாதையை உங்களால் உடனே மாற்ற முடியாது, மதிப்பெண்ணை மாற்றலாம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். இறுதிப் படத்தை ஒரு குழு எடுக்கட்டும். தளத்துக்கு வராத, கதையே கேட்காத இன்னொரு குழு தொகுக்கட்டும். இரண்டு குழுவும் ஒரு வாரம் பேசிக்கொள்ளக் கூடாது; போன், மெசேஜ் எதுவும் கிடையாது. டிஸ்க், கன்டினியூட்டி நோட்டு, கேமரா, ஒலி அறிக்கைகள் மட்டும் கைமாறட்டும். தொகுப்பவர் தடுமாறும் ஒவ்வோர் இடத்திலும் எடுத்தவர்களுக்கு மதிப்பெண் குறையட்டும், எடுத்தவர்களில் எந்தப் பிரிவுக்கு என்று பெயர் சொல்லி. முதல் தடவை பெரிய சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டையில் ஒவ்வொருவர் வேலையும் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதல் முறை நடத்தும்போது நானே வந்து உட்காருகிறேன். சம்பளம் வேண்டாம். டிஸ்க்கோடு நோட்டு இருக்க வேண்டும், கிறுக்கலானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளன்

பி.கு.: அந்த மாணவி உங்களில் ஒருவரிடம்தான் படித்தார். அவருடைய எண் என்னிடம் இப்போது இல்லை. அடுத்த படத்துக்கு எங்களுக்குக் கன்டினியூட்டிக்கு ஆள் வேண்டும். 'போகாத' வார்த்தையைக் காப்பாற்றியவர் என்று சொன்னால் அவருக்குப் புரியும். தகவல் சொல்லிவிடுங்கள்.