ஆண்டறிக்கை: கருப்பு வெள்ளை அச்சுக்கு எந்த மை?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது, கருப்பு வெள்ளைப் புகைப்படங்களை இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிடும் மை பற்றித்தான் என்பதால் அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

"எந்த கம்பெனி மை நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் தாளை முடிவு செய்யுங்கள். மேட் தாளில், அதாவது பளபளப்பில்லாத தாளில், அதற்கான மேட் கருப்பு மையை ஓட்டினால் அடர்த்தி (கருமையின் அளவு; எண் கூடினால் கருமை கூடும்) 1.6, 1.7 வரை வரும். அதே தாளில் பளபளப்புத் தாளுக்கான போட்டோ கருப்பு ஓட்டினால் கருமை சாம்பல் பூத்துவிடும். பளபளப்புத் தாளில் மேட் கருப்போ ஒட்டவே ஒட்டாது. காய்ந்த பிறகும் தேய்த்தால் விரலோடு வந்துவிடும். பேரியம் சல்பேட் பூச்சுள்ள பரைட்டா தாளில் போட்டோ கருப்பின் அடர்த்தி 2-ஐத் தாண்டும்.

அடுத்தது சாம்பல் மைகள். ஒற்றைக் கருப்பில் அச்சிட்டால் வானத்திலும் கன்னத்திலும் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும்; லென்ஸ் வேண்டாம், வெறும் கண்ணுக்கே மணல் தூவினாற்போல் தெரியும். எப்சன் 2005-இல் கே3 என்ற மை வரிசையில் கருப்போடு 2 சாம்பல்களைக் கொண்டுவந்தது. அந்த வகைப் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்' முறையைத் தேர்ந்தால் போதும், தனி மை தேவையில்லை. கலர் முறையில் அச்சிட்டால் வண்ண மைகள் கலந்துதான் சாம்பல் உண்டாகும். ஒரு வெளிச்சத்தில் பச்சை தட்டும் படம் இன்னொரு வெளிச்சத்தில் சிவந்து தெரிவது அதனால்தான்.

பழைய ஆறு மைப் பிரிண்டரை முழுக்கக் கருப்பு வெள்ளைக்கு ஒதுக்க நினைப்பவர்களுக்குக் கார்பன் நிறமி மை, அதாவது நுண்ணிய கரித்துகள் கலந்த மை. வெளிச்சத்தைத் தாங்குவதில் டை மை (சாயம் கரைந்த மை) இதன் பக்கத்தில் நிற்காது. கார்பன் மை நீர்க்க நீர்க்கப் பழுப்புச் சாயல் ஏறும். 'நியூட்ரல்' என்று விற்பதில் அதை ஈடுகட்டக் கொஞ்சம் வண்ண நிறமி சேர்ந்திருக்கும், முதலில் மங்குவதும் அதுதான். சுவரில் தொங்கப்போகும் படத்துக்குப் பழுப்பே மேல் என்பது என் கட்சி. செயற்குழுவில் எல்லோரும் ஒப்பவில்லை.

சாம்பல் மையை நாமே கலக்கலாம். 6 சதவீதச் சாம்பல் 100 மி.லி. வேண்டுமானால் கார்பன் மை 6 மி.லி., அடிக்கரைசல் (மையை நீர்க்கச் செய்யும் நிறமற்ற திரவம்) 94 மி.லி.; ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து எடுங்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக்கூடாது. கிளிசரினும் ஈரப்படுத்தும் திரவமும் இல்லாவிட்டால் மை தெளிக்கும் நுண்துளையான நாசிலில் மை காயும், கோடு விழும். பழைய டை மையைக் கழுவும் திரவத்தால் முழுக்க வெளியேற்றிய பிறகே நிரப்புங்கள்; இரண்டும் கலந்தால் நிறமி திரிந்துபோய், நாசில்கள் உள்ள பிரிண்டர் ஹெட்டை அடைக்கும்.

இந்த மைகளைச் சாதாரண டிரைவரில் ஓட்டினால் படம் கந்தல்தான். மஞ்சள் மை இருந்த இடத்தில் நாம் வெளிர் சாம்பல் நிரப்பியிருப்பது டிரைவருக்குத் தெரியாதே. டிரைவருக்குப் பதிலாகக் குவாட்டோன் ரிப் மென்பொருளில் ஒவ்வொரு மைக்கும் உச்ச அளவு வைத்து, வெள்ளையிலிருந்து கருப்பு வரை 21 படிப் பட்டை அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு அளந்து, எந்தப் படிக்கு எவ்வளவு மை என்று சொல்லும் வளைவைச் சரிசெய்ய வேண்டும். கடைசி 3, 4 கரும்படிகள் ஒன்றாகத் தெரிந்தால் மை அதிகம்; அளவைக் குறையுங்கள். தாளை மாற்றினால் இதே வேலை மறுபடியும்.

கார்பன் அடியில் படியும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி மெல்லக் கவிழ்த்துக் கலக்கலாம், மைத் தொட்டி பிரிண்டரோடே இருக்கும் டேங்க் வகையில் அது முடியாது. ஆகவே டேங்க் வகையை இதற்கு வாங்க வேண்டாம். சங்கத்தின் பிரிண்டரில் வாரம் ஒரு நாசில் செக் (எல்லா நாசிலிலும் மை வருகிறதா என்று காட்டும் சோதனை அச்சு) கட்டாயம். யார் எடுத்தாலும் அந்தத் தாளில் தேதி எழுதிக் கோப்பில் வையுங்கள்.