ஆண்டறிக்கை 2024–25: மூன்று நிமிடம், கையில் தாள் இல்லாமல்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆச்சிமார், அக்காமார், தங்கைகள், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். நம் மகளிர் கவிதை மன்றத்தின் ஆண்டறிக்கையை முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பணத்தைப் பற்றி நான் பேசப்போவது மைக் செட் விஷயம் ஒன்றுதான். அது கடைசியில்.

இந்த ஆண்டு கவியரங்கத்தை நிறுத்தி வைத்துவிட்டு, இளையவர்கள் ஸ்போக்கன் வேர்ட் என்று சொல்லும் கவிதைக் கூட்டங்களை நடத்தினோம். எண்பதுகளின் நடுவில் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி தொடங்கிய போட்டிமேடையின் விதிகளில் நமக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆளுக்கு மூன்று நிமிடம். பக்க வாத்தியம், வேஷம், கையில் பொருள் எதுவும் கூடாது. சொந்தக் கவிதையைத்தான் சொல்ல வேண்டும். தாள் கூடாது என்பது மட்டும் நாமே சேர்த்தது. அங்கே கூட்டத்திலிருந்தே நடுவர்களைப் பிடித்து மார்க் போடச் சொல்வார்கள். அது நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். நாத்தனார் கவிதைக்கு அண்ணி மார்க் போட்டால் அப்புறம் பொங்கலுக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய நம் காரைக்குடியில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பழைய கவியரங்குகளில் தலைவரை வாழ்த்தி, முன்வரிசையை வாழ்த்தி முடிக்கவே மூன்று நிமிடம் ஓடிவிடும். பெண்களுக்குக் கடைசி இடம் கொடுத்து, "நேரமாயிருச்சும்மா, சுருக்கமா" என்று சொன்ன மேடைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். கடிகாரம் வைத்ததில் பெரிய நன்மை, எல்லோருக்கும் ஒரே அளவு கிடைத்தது.

கூட்டங்களை மாலை மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடித்துவிட்டோம். புதுவயல் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களும் வந்ததற்கு 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பாதிக் காரணம். இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம் என்பது மீதிப் பாதி. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனாலும் மலிவான மண்டபம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் உறுப்பினர் வீடுகளிலேயே கூடினோம்.

அப்படி ஒரு பெரிய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், நடந்த கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வீடு கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும்தான் திறக்கும். அதைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மா கடைசி வரிசையில் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். "யாரும் பாக்கி இருக்கீங்களா?" என்று கேட்டதும் கையைத் தூக்கினார். முந்தானையை வேலை செய்கிற மாதிரியே இடுப்பில் சொருகியிருந்தார். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்க அது கத்தியது. நாற்காலியில் வைத்துவிட்டு வெறும் குரலிலேயே சொன்னார்:

முகப்பு பெருக்குனேன், வளவு பெருக்குனேன்,
ரெண்டாங்கட்டும் பெருக்குனேன்.
ஆத்தங்குடிக் கல்லுல
எம் மூஞ்சி தெரியுற வரைக்கும் தொடச்சேன்.
மழ பேஞ்சா எங்க வீட்டுல
ஏனம் பத்தல.
இங்கன ஏனமெல்லாம்
பரண்ல ஒறங்குது.
சாவி எங்கிட்டதேன் இருக்கு.
வீடு யாருதுன்னு மட்டும் கேக்காதீக.

மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி, அந்த வீட்டுப் பங்காளி வகை, "ஏத்தா, மாடியப் பெருக்குனதச் சொல்லலையே" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா அசரவில்லை: "மாடிக்கு இன்னொரு பாட்டு வச்சிருக்கேன் ஆச்சி." அடுத்த கூட்டத்தில் அதையும் சொன்னார். அவரை உறுப்பினராகச் சேர்த்தாயிற்று. பத்திரிகை நடத்தும் நண்பர்களிடம் காட்டத் தகுந்த கவிதை என்பது என் கருத்து. அச்சில் போட அவருக்கு இஷ்டமில்லை.

இனி வருத்தமான விஷயம். இளம் மருமகள் ஒருவர், "விசேஷம் உண்டா?" என்று ஊரே கேட்கும் கேள்வியை வைத்து ஒரு கவிதை சொன்னார். முதல் பாதியில் மாமியார் கேட்கிறார். இரண்டாம் பாதியில் அதே மாமியாரை நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதே கேள்வி எப்படிக் குத்தியது என்று வருகிறது. கவிதையின் உயிரே அந்தத் திருப்பத்தில்தான். யாரோ முதல் பாதியை மட்டும் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அவர் பஸ்ஸை விட்டு இறங்குமுன் அது கோலாலம்பூர் சொந்தங்கள்வரை போய்விட்டது. இப்போது அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' என்ற கவிதைத் தொகுப்பு வந்தபோது தலைப்புக்கே எத்தனை கண்டனம் கிளம்பியது என்பது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். புத்தகமாவது முழுசாகக் கடையில் கிடைத்தது. இவருடைய மீதிப் பாதியைக் கேட்க வழியே இல்லை.

அதற்குப் பிறகு வாசலில் ஒரு பெரிய கொட்டான், அதுதான் ஓலைக்கூடை, வைத்தோம். வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கல்லூரி மாணவிகள் ஒத்துக்கொள்ளவில்லை. மும்பையில் ஆரண்யா ஜோஹர் என்ற இளம் கவிஞர் 2017இல் பேசிய கவிதை காணொளியாகத்தானே உலகமெல்லாம் போனது, பதிவே இல்லையென்றால் நம்மை யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். அதுவும் சரிதான். அதனால் விதியைத் திருத்தினோம். பேசுகிறவர் விரும்பினால் மட்டும் மன்றமே முழுசாகப் பதிவு செய்து அவர் கையில் கொடுக்கும். வெளியிடுவதும் வெளியிடாததும் அவர் பாடு. இதை நிரந்தர விதியாக்கும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. கொட்டான் இருக்கட்டும் என்பதே என் நிலைப்பாடு.

பிரான்மலைக்கு ஒருமுறை போய்வந்தோம். பாரியின் பறம்புமலை அது. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் புறநானூற்று 112ஆம் பாட்டை அடிவாரத்தில் எல்லோரும் சேர்ந்து சொன்னோம். கொண்டுபோன சீயப் பலகாரத்தில் பாதி குரங்குகளுக்குப் போயிற்று. சிவகங்கைப் பக்கத்து ஒக்கூரைச் சங்கப் பெண்புலவர் ஒக்கூர் மாசாத்தியார் ஊர் என்று சொல்வது வழக்கம். ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் பற்றிய அவர் பாட்டுக்கு (புறம் 279) ஒரு மாணவி, அனுப்பப்பட்ட பையன் பேசுவதாகப் பதில் எழுதினார். "எண்ணெய் தேய்ச்சு அவசரமாத் தலை வாரிவிட்டியே ஆத்தா, பள்ளிக்கூடத்துக்குத்தான்னு நெனச்சேன்" என்ற இடத்தில் தமிழாசிரியை ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

வரும் ஆண்டு தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் ஒவ்வொரு கூட்டம் வைக்க அழைப்பு வந்திருக்கிறது. புதிய நிர்வாகிகள் தேர்தல் தேநீருக்குப் பிறகு.

மைக் செட்: வாடகைக்குக் கொண்டுவருபவர் ஸ்டாண்டை ஆண்கள் உயரத்துக்கு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். அதன் திருகு நம்மில் யாருக்கும் மசிவதில்லை. ஒவ்வொருவரும் எக்கி எக்கிப் பேச வேண்டியிருக்கிறது. சொந்தமாக ஒரு மைக்கும் தாழ்த்தி உயர்த்தும் ஸ்டாண்டும் வாங்க அனுமதி கோருகிறேன். பொருளாளர் முகத்தைச் சுளிக்கிறார், பார்க்கிறேன். அந்தத் தீர்மானத்தையும் சேர்த்து இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்