உன் தாள்களை நான், என் தாள்களை நீ

கும்பகோணம்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் வந்தது. இன்லேண்டு லெட்டரின் மடிப்பு ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதுகிற பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை. கிழித்துத் திறந்ததில் இரண்டு வரி போய்விட்டது, ஒட்டவைத்துப் படித்தேன். இங்கே எல்லோரும் சௌகரியம். மழை பிடித்ததிலிருந்து என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. பேத்தி கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, தாத்தா சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் உன்னை நீயே திட்டிக்கொண்டதுதான். கூடத்து டியூப்லைட் போய் மாதக்கணக்காகிறதாம், சமையலறை விளக்கு வெளிச்சத்திலேயே காலம் தள்ளுகிறாயாம். பாங்கு கவர், தபால் ஆபீஸ் கவர் எதையும் பிரிக்காமல் பஞ்சாங்கத்துக்கு அடியில் செருகி வைக்கிறாயாம். பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, உடம்பும் ரொம்பப் படுத்தவில்லை, ஆனால் கை மட்டும் போகமாட்டேன் என்கிறது என்று எழுதிவிட்டு, ‘சோம்பேறியாகிவிட்டேன்’ என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாய். அந்தத் தீர்ப்பை நான் ஒத்துக்கொள்ளவில்லை. சோம்பேறி இவ்வளவு பொடி எழுத்தில் இவ்வளவு நீளமாக எழுதமாட்டான்.

என் கதையைக் கேள். கருவூலத்தில் உட்கார்ந்து ஊரார் பென்ஷன் கோப்புகளையெல்லாம் நகர்த்தியவன் நான். வலங்கைமான் பக்கம் இருக்கிற அரை ஏக்கருக்கு இன்னும் பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது. அப்பா போய் எத்தனை காலம் ஆயிற்று என்று உனக்கே தெரியும். இறப்புச் சான்று இருக்கிறது, வாரிசுச் சான்று இருக்கிறது, இ-சேவை மையம் எங்கள் தெரு முனையிலேயே இருக்கிறது. காகிதங்களைப் பையில் போட்டு டிவி மேல் வைத்திருக்கிறேன். தூசி தட்டுவதற்காக அவள் அதை எடுப்பாள், தட்டிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைப்பாள். அவ்வளவுதான் அந்தக் கோப்பின் நகர்வு.

இன்னொன்று இனிஷியல். ஆதாரில் என் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பென்ஷன் புத்தகத்தில் முதலெழுத்து முன்னால். அவள் பெயரோ பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவள் இதை வைத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். எத்தனையோ குடும்பத்துக்கு இதைத் திருத்திக் கொடுத்த ஆள் நான். தெரியாததால் நிற்கவில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அப்புறம் என்னதான் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். போன மாதம் எதிர்வீட்டு அம்மாவுக்கு வாரிசுச் சான்று வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். நானே விண்ணப்பம் போட்டேன், வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன், வருவாய் ஆய்வாளர் கேட்ட காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், தாலுகா ஆபீஸில் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்தேன். அலுப்பே தெரியவில்லை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன் என்றால் பார்த்துக்கொள். சான்று கைக்கு வந்த அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் டிவி மேல் அந்தப் பை. அதே ஆள், அதே காகிதங்கள், அதே ஆபீஸ். அதைத் தொடக் கை வரவில்லை.

ஆக, நமக்கு வேலை செய்யத் தெம்பில்லை என்பது சரியில்லை. நமக்காக மட்டும் செய்கிற வேலைக்குத்தான் தெம்பு வரவில்லை. நீயும் எண்ணிப் பார். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பட்டியலை ராத்திரி கண்விழித்து எழுதினாய் என்றால் மறுநாள் காலையில் அதற்காக ஐம்பது பையன்கள் காத்திருந்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். தங்கச்சி, அதுதான் உன் வீட்டுக்காரி, இருந்தவரை நீ வீட்டு வரியை ஒரு தவணைகூடத் தாமதித்ததில்லை. சாயங்காலம் ‘கட்டியாச்சா?’ என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. இப்போது கட்டினாலும் கட்டாவிட்டாலும் கேட்பதற்கு யாருமில்லை. நகராட்சி கேட்கும், ஆனால் அது வேறு கேள்வி.

கருவூலத்தில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் மஸ்டரிங், அதாவது பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்டுவது, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. ஏப்ரல் முதல் வாரத்தில் வராண்டாவில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஜோடியாக வந்திருப்பார்கள். புருஷன் பெண்டாட்டி, இல்லையென்றால் கூட வேலை பார்த்த இரண்டு பேர், பிளாஸ்கில் காபியோடு. ஜூன் கடைசியில் மூச்சிரைக்க வந்து நிற்பவர்கள் தனி ஆட்கள். வயதில் இளையவர்களாகக்கூட இருப்பார்கள். நான் கணக்கு வைத்துப் பார்த்ததில்லை, ஆனால் வருஷா வருஷம் அப்படித்தான் கண்ணில் பட்டது. இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் செய்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். கூட்டம் குறைந்தது நல்லதுதான். ஆனால் ஆளுக்கொரு மாதம் ஆனதில், கூடப் போகவும் ஆளில்லாமல் போயிற்று. உன் மாதம் எது என்று உனக்கு நினைவிருக்கிறதா?

ஆபீஸுக்கே போக வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து வாழ்நாள் சான்று எடுத்துக் கொடுக்கிறார், 70 ரூபாய். இந்தத் தடவை எனக்கு அப்படித்தான் ஆயிற்று. சின்னப் பையன்தான். திண்ணையில் உட்கார்ந்து கைரேகை மெஷினை எடுத்தான். கட்டைவிரல் வைத்தேன், விழவில்லை. ஆள்காட்டி விரல், விழவில்லை. ‘கையைக் கழுவி, கொஞ்சம் ஈரத்தோட துடைச்சுட்டு வாங்கய்யா’ என்றான். அதுவும் நடக்கவில்லை. வயதானால் ரேகை தேய்ந்து, தோல் வறண்டுவிடுகிறதாம். ரேஷன் கடையில் கண்ணைக் காட்டச் சொல்வது அதற்குத்தான். கடைசியில் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, ‘கண்ணை மூடித் திறங்க’ என்றான். மூடித் திறந்தேன். உயிரோடு இருக்கிறேன் என்று பதிவாகிவிட்டது. அவன் அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டான். ஒரு காபி குடித்துவிட்டுப் போ என்றதற்கு நேரமில்லை என்றான். பாவம், அவனுக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை வீடோ.

எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே செய்துவிடலாம் என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். முன்பு கரண்ட் பில் கட்டப் போனால் கவுண்டரில் தெரிந்த முகம் ஒன்று இருக்கும், வழியில் டீக்கடை இருக்கும், பேப்பர் பார்த்துவிட்டு வருவோம். பில் கட்டுவது அந்தக் காலை வேளையில் ஒரு சின்னப் பகுதி. இப்போது மிச்சமிருப்பது பில் மட்டும். போதாக்குறைக்கு ஓ.டி.பி. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்கிறது. மறுபடி முதலிலிருந்து. அதற்கு மேல் யாருக்கு ஆசை வரும்?

சரி, ஒரு விஷயத்தை மட்டும் நீ தள்ளிப்போடக் கூடாது. இதே பேச்சை இங்கே நான் பார்க்கிற டாக்டரிடம் சொன்னேன். வருத்தம் ஒன்றுமில்லை, தூக்கம் வருகிறது, ஆனால் எதையும் தொடங்கத்தான் தோன்றவில்லை என்றேன். சிரிக்கவில்லை அவர். ரத்தம் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்; தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சோடியம் எல்லாம். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் இப்படி மந்தமாக இருக்குமாம். நீ சர்க்கரைக்கு வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் போடுகிறாய். நாள்பட அதைச் சாப்பிட்டால் பி12 இறங்கும் என்றார். அதனால் நீ கட்டாயம் பார்த்துக்கொள். மனச்சோர்வும் வயதானவர்களுக்கு அழுகையாக வராமல் இப்படி வரலாமாம். இன்னொன்றும் சொன்னார். செய்யத் தோன்றாமல் விடுவது வேறு, எப்படிச் செய்வது என்று பிடிபடாமல் விடுவது வேறு. வழக்கமாகப் போடுகிற கணக்கு குழம்பினாலோ, கட்டின பில்லையே மறந்து மறுபடி கட்டினாலோ உடனே வரச் சொன்னார். உன் கடிதத்தில் 1968இல் ஹாஸ்டல் மெஸ் பாக்கி எவ்வளவு என்றுகூட எழுதியிருக்கிறாய், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொள்.

அந்தத் தபால் ஆபீஸ் கவர் விஷயத்துக்கு வருகிறேன். மூத்த குடிமக்கள் சேமிப்பில் ஐந்து லட்சம் போட்டிருந்தாயே, ஐந்து வருடம் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. எழுதிக் கொடுக்காமல் விட்டால் சாதாரணச் சேமிப்புக் கணக்கு வட்டிதான், 4 சதவீதம். இப்போதைய 8.2 சதவீதத்தில் காலாண்டுக்கு 10,250 ரூபாய் வரவேண்டியது பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் பதறாதே. முதிர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்தால், முதிர்ந்த தேதியிலிருந்தே மூன்று வருடத்துக்கு நீட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு கவரை மட்டும் இன்றைக்கே பிரித்துத் தேதியைப் பார். மற்றவை கிடக்கட்டும். பாங்கு கவர் வரி கூடுதலாகப் பிடித்தது பற்றியதாக இருந்தால் அதை வருமான வரி ரிட்டர்னில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வீட்டு வரி அக்டோபருக்குள் கட்டியிருந்தால் 5 சதவீதம் தள்ளுபடி கிடைத்திருக்கும், போனால் போகிறது. அவசரமில்லாததையும் அவசரமானதையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்தால் கட்டைப் பார்த்தாலே மலைப்பாகத்தான் இருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்தது. உன் தாள்களை நான் எடுத்துக்கொள்கிறேன், என் தாள்களை நீ எடுத்துக்கொள். விளையாட்டாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மாவுக்கு வந்த தெம்பு உன் கவர்களுக்கும் எனக்கு வரும். என் இனிஷியல் குளறுபடியைப் பார்த்தால் உனக்கு அந்தப் பழைய சிவப்புமை வாத்தியார் எழுந்துவிடுவார், அது எனக்குத் தெரியும். பட்டா விண்ணப்பத்தை நீ எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன். எங்கே நிற்கிறது என்று வாரா வாரம் நீ போனில் என்னைக் கேள். நான் உன்னைக் கேட்கிறேன். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ‘நாங்க பண்ணித் தரோமே’ என்பார்கள். அவர்கள் செய்து தந்தால் வேலை முடியும், நம் கை மட்டும் இப்படியே இருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதே, என்னிடம்கூட. ஓ.டி.பி. வந்தால் நீயே படித்து நீயே அடி. கருவூலத்துப் புத்தி, போகமாட்டேன் என்கிறது.

ஐப்பசிக் கடைசி நாள், கடைமுக முழுக்கன்று வரலாம் என்று பார்த்தேன். உன் ஊர்க் காவிரித் துலாக்கட்டத்தில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது, இவள் முழங்காலோடு அது முடியாது. அதனால் மறுநாள் முடவன் முழுக்குக்கு இருவரும் வருகிறோம். ஐப்பசி முழுவதும் வந்து சேர முடியாமல் கார்த்திகை பிறந்த பிறகு வந்து நின்றவனுக்கு ஒரு நாள் தள்ளிக் கொடுத்த ஊர் உன் ஊர். நம் போன்ற கேஸ்களுக்குத் தோதான நாள். காலை ரயிலில் மாயவரம் வந்து, முழுக்கை முடித்துக்கொண்டு நேரே உன் வீடு.

பி.பி.ஓ., பாஸ்புக், அந்த மூத்த குடிமக்கள் கணக்குப் புத்தகம், கரண்ட் கார்டு, போன வருஷத்து வீட்டு வரி ரசீது இவற்றை மட்டும் மேஜையில் எடுத்து வை. மற்றதை நான் தேடிக்கொள்கிறேன். எண்பது வயது ஆனால் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள், அதையும் வாங்காமல் நாம் போவதாக இல்லை. பிறந்த தேதிக்கான சான்று ஒன்றும் சேர்த்து எடுத்து வை. வத்தக்குழம்பும் அப்பளமும் இங்கிருந்து கொண்டுவருகிறோம். நீ சாதம் மட்டும் வடித்து வை, குழைய விடாதே.

அன்புடன்,
உன் கருவூலத்தான்