பழைய இணைப்புகளுக்கு வழி செய்து தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் வாசகசாலையின் பழைய இணைப்புகளைப் புதிய தளத்துக்குத் திருப்பிவிட ரெஜெக்ஸ் (எழுத்துத் தொடர்களைப் பொருத்திப் பார்க்கும் குறியீட்டு வடிவம்) எழுதியும் சோதித்தும் தந்த எல்லாருக்கும் நன்றி.

முதலில் காத்தான்குடித் தம்பிக்கு. பொருந்த வேண்டிய பாதைகளை (இணைப்பில் தளப் பெயருக்குப் பின் வரும் பகுதிகளை) பலர் அனுப்பினார்கள்; பொருந்தவே கூடாதவற்றைப் பட்டியல் போட்டவர் அவர் ஒருவர்தான். வேலையில் பாதி அதுதான். /செய்தி/[0-9]+ (‘/செய்தி/’க்குப் பின் ஒன்றோ பலவோ இலக்கங்கள்) என்றால் /செய்தி/25 அகப்படும், சரி. கூடவே /பழைய/செய்தி/25, /செய்தி/25/அச்சு இரண்டும் அகப்படும். தொடக்கத்தைக் குறிக்கும் ^ஐத் தலையிலும், முடிவைக் குறிக்கும் $ஐக் கடைசியிலும் வைத்து ^/செய்தி/[0-9]+/?$ என்று எழுதினால் அவை விலகிவிடும். அந்த /? கடைசிச் சாய்கோடு இருந்தாலும் விடும், இல்லாவிட்டாலும் விடும்.

களுவாஞ்சிகுடி ரீச்சர் அடைப்புக்குறி போடவைத்தார். ^/செய்தி|நிகழ்வு/[0-9]+$ என்பதில் ‘அல்லது’ என்று பொருள்படும் | முழு வரியையும் இரண்டாகப் பிளக்கிறது: ‘/செய்தி’ என்று தொடங்கும் எதுவும் செல்லும், ‘நிகழ்வு’க்குப் பின் எண்ணோடு முடியும் எதுவும் செல்லும். ^/(செய்தி|நிகழ்வு)/[0-9]+/?$ என்பதே சரி.

ஊர்ப் பெயர்கள்தான் பெரிய தலையிடி. சொல்லெழுத்துகளைப் பிடிக்கும் பின்சாய்கோட்டு டபிள்யூ (\w) தமிழுக்கு ஆகாது. பைத்தன் 3 நிரல்மொழியில் அது ‘கல்லடி’யில் ‘கல’ வரை பிடித்து, ‘ல்’லின் புள்ளியில் நின்றுவிடும், யுனிகோடில் புள்ளியும் விசிறியும் (ி) எழுத்துகள் அல்ல, தனிக் குறிகள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் தமிழ் எழுத்தே அதற்குள் வராது. ஏறாவூர்த் தங்கச்சி தந்த ^/ஊர்/[^/]+/?$ இதைத் தீர்த்தது. சாய்கோடு தவிர எதுவும் வரலாம் என்பது அதன் பொருள். அங்கே ‘எதுவும் எத்தனையும் வரலாம்’ என்னும் .* போட்டால் /ஊர்/கல்லடி/படங்கள்/3 வரை விழுங்கிவிடும். .* சோம்பேறிகளின் கருவி என்பது எங்கள் எண்ணம்.

அக்கரைப்பற்றுச் சேர் சேர்வர் பக்கத்தைப் பார்த்தார். அப்பாச்சி (Apache) என்னும் சேர்வர் மென்பொருளின் எச்டிஅக்சஸ் (.htaccess) அமைப்புக் கோப்பில் RewriteRule விதிகளுக்கு முதல் சாய்கோடு கழற்றப்பட்டே பாதை வருவதால், அங்கே ^/ என்று தொடங்கும் அத்தகைய விதி ஒருபோதும் பொருந்தாது. ^செய்தி/ என்றே தொடங்க வேண்டும். ?பக்கம்=2 போன்ற வால் பாதையில் சேராது, அதை ரெஜெக்ஸில் தேட வேண்டாம். முதலில் 302 (தற்காலிகத் திருப்பல்) வைத்துச் சோதித்து, சரியென்றான பிறகு 301க்கு (நிரந்தரத் திருப்பல்) மாற்றச் சொன்னதும் அவரே. 301ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். விதியைத் திருத்தினாலும் வாசகர் பழைய பிழையான இடத்துக்கே போவார்.

தவறான பக்கத்துக்குப் போகும் இணைப்பு கண்ணில் பட்டால், முழுப் பாதையையும் அப்படியே பிரதி செய்து அனுப்புங்கள். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வோம்.

நன்றியுடன்,
இணையத்தளப் பொறுப்பாளர்கள்,
மட்டக்களப்பு