பழைய பதிப்பை அணைக்காமல் வைத்திருந்தவருக்கும் மற்றவர்களுக்கும்

சக ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிச் செய்திகளை வானொலி வழியே அனுப்பும் நம் பாக்கெட் ரேடியோ வலையில் மிச்சமிருந்த கடைசி நிலையமும் போன வாரம் புதிய பிபிஎஸ் (செய்திப் பலகை) மென்பொருளுக்கு மாறிவிட்டது. மென்பொருளைப் பிரித்துக் கொடுத்தவன் நான் என்பதால் வாழ்த்தெல்லாம் எனக்கே வருகிறது. கூச்சமாக இருக்கிறது. நான் செய்தது இரண்டே வேலை: கோப்புகளை நகலெடுத்துக் கொடுத்தேன், நடுவில் ஒரு பெரிய குளறுபடி செய்தேன். மீதியைச் செய்தவர்கள் வேறு. பாதிப் பேர் தங்கள் கால்சைனை (உரிமத்தோடு வரும் அழைப்புக் குறியை) போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் யாருடையதையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

நிரல் எழுதியவர்களிடமிருந்து தொடங்குகிறேன். டாஸ் காலத்தில் நம்மில் பலர் முதலில் ஓட்டியது பிரான்சின் ழான்-பால் ரூபலா எழுதிய எஃப்பிபி. இப்போது மாறியிருப்பது பிரிட்டனின் ஜான் வைஸ்மேன் எழுதிய லின்பிபிகியூவுக்கு. இரண்டு நிரல்களின் பெயரும் எழுதியவரின் கால்சைனிலிருந்து வந்தவை. ஊர் உலகமெல்லாம் தன் கால்சைனைச் சொல்லித் திட்டும் என்று தெரிந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

பிரித்துக் கொடுப்பது பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. நொடிக்கு 1200 பிட் போகும் 1200 பாட் இணைப்பில் 1 எம்பி கோப்பு ஒரு பிழையும் இல்லாமல், வேறு யாரும் குறுக்கே வராமல் போனாலே ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். நிஜத்தில் அதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் அந்த நாளில் பிளாப்பியைத் தபாலில் அனுப்பினோம். வானொலி வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் செவன்பிளஸ் என்ற நிரலைக் கொண்டு கோப்பைத் துண்டு துண்டாக எழுத்து வடிவில் மாற்றி அனுப்புவோம். பெறுபவரிடம் பழுதான இடங்களை மட்டும் பட்டியலிட்டு ஒரு பிழைக் கோப்பு உருவாகும். அதற்குத் திருத்தக் கோப்பு திரும்பப் போகும். இந்தத் தடவை பெரும்பாலோருக்கு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் போடும் மெமரி கார்டாகவே கொடுத்தோம். அத்தனை கார்டுகளையும் எழுதி, ஒவ்வொன்றையும் ஒருமுறை பூட் செய்து பார்த்து, உறையில் போட்டு அனுப்பிய தம்பிக்கு நன்றி. கல்லூரித் தேர்வு நேரம் என்பதை எங்களிடம் சொல்லவே இல்லை, கள்ளன்.

வழிகாட்டி எழுதிய நண்பருக்கும் நன்றி. நோட்பேடில் திருத்திய அமைப்புக் கோப்பில் வரி முடிவுகள் வேறு மாதிரி இருக்கும். லினக்ஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றல்ல. டாஸில் வளர்ந்த எங்களுக்கு இது புத்தியில் ஏற நாளானது. யுஎஸ்பி சீரியல் வயர் இரண்டு செருகியிருந்தால் மறுபடி பூட் ஆகும்போது அவற்றின் போர்ட் எண்கள் இடம் மாறிக்கொள்ளலாம் என்பதையும் அவர்தான் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டார். முதல் பக்கத்தைத் தாண்டிப் போய்ப் படித்த ஒருவரின் 300 பாட் ஹெச்எஃப் (சிற்றலை) அமைப்பு ஒரு நாள் முழுக்க விஹெச்எஃப் (அதைவிட உயர்ந்த அலைவரிசை) ரேடியோவில் ஓடியது. அந்த ஒருவர் யார் என்று கேட்காதீர்கள்.

கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே இருக்கும் டிஎன்சி பெட்டி, தட்டும் கட்டளைகளைக் கேட்காத கிஸ் முறையில் மாட்டிக்கொண்டு எதற்கும் பதில் சொல்லாமல் கிடந்தபோது, 192, 255, 192 என்ற மூன்று பைட்டுகளை அனுப்பினால் வெளியே வந்துவிடும் என்று நள்ளிரவிலும் போனை எடுத்துச் சொன்னவருக்கு நன்றி. ஆறு பேருக்காவது சொல்லியிருப்பார்.

இப்போது என் குளறுபடிக்கு வருகிறேன். எல்லோருக்குமான பொதுச் செய்தியான ஒவ்வொரு புல்லட்டினுக்கும் பிஐடி என்று ஓர் அடையாளம் உண்டு. பெரும்பாலும் செய்தி எண்ணும், அது புறப்பட்ட நிலையத்தின் கால்சைனும் சேர்ந்தது. மொத்தம் 12 எழுத்துக்குள். நிலையத்திலிருந்து நிலையத்துக்குச் செய்தி கைமாறும் ஃபார்வர்டிங் நடக்கும்போது ஒரு நிலையம் ஒரு தடவைக்கு 5 செய்திகள் வரை முன்வைக்கும். எதிர்முனை ஒவ்வொன்றின் பிஐடியையும் பார்த்து, கொடு என்றால் +, ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் -, அப்புறம் பார்க்கலாம் என்றால் = என்று பதில் சொல்லும். ஒரே புல்லட்டின் வலைக்குள் சுற்றிச் சுற்றி வராமல் இருப்பது இந்தக் கழித்தல் குறியால்தான்.

பழைய செய்திகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற நான் எழுதிய ஸ்கிரிப்ட் அனுப்புநர், தலைப்பு, உள்ளடக்கம் எல்லாவற்றையும் கொண்டுபோனது, பிஐடியைத் தவிர. பிஐடி இல்லையே என்று மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒன்று கொடுத்தது. பக்கத்து நிலையங்கள் அந்த பிஐடிகளைக் கண்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் + என்றன. நான் தூங்கப் போய்விட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு போன். “ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வந்த கெப்ளர் எண்ணெல்லாம் ராத்திரி பூரா மறுபடி போய்க்கிட்டிருக்கே, உங்களுக்குத் தெரியுமா?” (கெப்ளர் எண் என்பது செயற்கைக்கோளின் பாதையைக் கணக்கிட உதவும் எண்கள்.) பேசியவர் நிலையம் நடத்துபவர்கூட இல்லை, ரிசீவரில் மானிட்டர் செய்து படிப்பதோடு சரி. அவர் மட்டும் கூப்பிடாமல் இருந்திருந்தால் அன்று மாலைக்குள் வலையின் மறுகோடி வரை போயிருக்கும்.

ஃபார்வர்டிங்கை நிறுத்தினேன். உண்மையான பிஐடிகளைப் பழைய வட்டிலிருந்து எடுக்கலாம் என்று பார்த்தால், மாற்றம் வெற்றி என்ற சந்தோஷத்தில் அதை முந்தைய நாளே ஃபார்மேட் செய்திருந்தேன். சரி, இனி என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தவர் நம் பெரியவர். எல்லோரும் மாறிய பிறகும் டாஸ் எஃப்பிபியை அணைக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தவர். “எப்போ சார் மாத்துவீங்க?” என்று நான் மாதம் ஒரு தடவை நச்சரிப்பேன். “மாத்தலாம், மாத்தலாம்” என்பார். அவரிடம் எல்லாப் புல்லட்டினும் அசல் பிஐடியோடு இருந்தன. ஒன்றுவிடாமல் பட்டியலெடுத்து அனுப்பினார். நான் கேலி செய்ததை ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

சார், அந்த நச்சரிப்புக்கு இங்கே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் பழைய பதிப்பு புதியவற்றோடு பேசும் என்பதை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். இணைப்புக் கிடைத்ததும் இரு நிலையங்களும் சதுர அடைப்புக்குள் ஒரு வரியில் தான் இன்ன நிரல், இன்ன பதிப்பு, தனக்கு இன்னின்ன தெரியும் என்று சொல்லிக்கொள்கின்றன. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த முறையில் அப்புறம் வேலை நடக்கிறது. யாரும் யாரையும் அவசரப்படுத்தத் தேவையே இல்லாமல்தான் இதை அமைத்திருக்கிறார்கள். அவசரப்படுத்தியது நான்தான்.

பக்கத்து நிலையங்களில் அன்று காலை வேலைக்குப் போகும் முன் உட்கார்ந்து போலி நகல்களைக் கையால் அழித்த நான்கு சிஸாப்களுக்கும் (நிலையம் நடத்துபவர்களுக்கும்), இரவு முழுக்க அலைவரிசை அடைபட்டுக் கிடந்தும் கோபப்படாத பயனர்களுக்கும் நன்றி. கோபப்பட்ட இருவருக்கும் நன்றி. அவர்கள் சொன்னது சரிதான்.

போன வாரம் மாறிய கடைசி நிலையம் பெரியவருடையது. சார், ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கை மட்டும் இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள். என் அட்டவணையில் இன்னும் மூன்று பிஐடி பொருந்தவில்லை.

எல்லோருக்கும் 73 (ஹாம் வழக்கில் நல்வாழ்த்துகள்).