படத்தில் தேய்ந்த இடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் 'நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்கள் தயங்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது நல்லது' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேர் கீழே கட்டம் கட்டி ஒரு ஸ்கேன் சென்டர் விளம்பரம், முதுகுத்தண்டு ஸ்கேனுக்குச் சலுகை விலையாம். இரண்டும் தற்செயலாகத்தான் பக்கத்தில் வந்தன என்று நம்புகிறேன். நம்பாவிட்டால் இருபது வருஷம் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியதற்கு அர்த்தமில்லாமல் போய்விடுமே.

நான் குலசேகரம் பக்கம் இருபத்தெட்டு வருஷம் ரப்பர் பால் வெட்டியவன். விடியும் முன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரம். புதிதாக வெட்டத் தொடங்கும் மரத்தை நின்றபடியே வெட்டலாம். வருஷம் போகப்போக வெட்டு கீழே இறங்கும், முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டால் மரத்துக்கு ஒரு தடவை குனிந்து நிமிர வேண்டும். அப்புறம் பால் வாளியைச் சுமக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் உங்கள் பத்திரிகையில் ரப்பர் என்றால் கோட்டயம் விலை மட்டும்தான். ஆர்.எஸ்.எஸ். 4 என்கிற ரப்பர் ஷீட் ரகம் ஒரு ரூபாய் இறங்கினால் செய்தி. வெட்டுகிறவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அது அவன் வீட்டு விஷயம்.

எனக்கு 2014இல் பிடித்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல் ஸ்கேனுக்கு எழுதினார்கள். ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், தேய்மானம் என்று இருந்தது. அதாவது இடுப்புத் தண்டின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கியிருக்கிறதாம். 'தண்டு தேய்ஞ்சு போச்சு, இனி குனியாதீரும்' என்றார்கள். மூன்று மாதம் பயந்து படுத்தே கிடந்தேன். வலி போகவில்லை, தொடையில் இருந்த சதைதான் போனது. 2017இல் இன்னோர் இடம், பழைய படம் போதாது என்று இன்னொரு ஸ்கேன். 2021இல் மூன்றாவது. அதற்கு வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்தோம். மூன்று ரிப்போர்ட்டிலும் அதே எல்4-எல்5தான், எழுத்துரு மட்டும் வேறு.

கடைசியில் ஓர் அரசு மருத்துவர் பட உறையை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார். காலை நீட்டித் தூக்கினார், முழங்காலில் தட்டினார், பெருவிரலை மேலே இழுக்கச் சொன்னார். மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா, காய்ச்சல் உண்டா, உடம்பு மெலிந்ததா என்று கேட்டார். அப்புறம்தான் படத்தைப் பார்த்தார். 'உம்ம வயசுக்கு இது நரைச்ச முடி மாதிரி' என்றார். நடக்கச் சொன்னார், சில பயிற்சிகள் கொடுத்தார். வலி அடியோடு போகவில்லை. ஆனால் இப்போது சந்தைக்கு நடந்தே போய் வருகிறேன்.

என் மகள் குவைத்தில் நர்ஸ். உங்கள் கட்டுரையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், போனில் வகுப்பே எடுத்துவிட்டாள். 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்ததில் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பல்ஜ் இருந்ததாம். 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், வலி இல்லாதவர்களிலேயே இருபது வயதில் 37 சதவீதம் பேருக்கும் அறுபது வயதில் 88 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம். 2016இலேயே இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல், சாதாரண இடுப்பு வலிக்கு வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் மருத்துவப் பக்கத்துக்கு அந்தத் தகவல் வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ. எங்கள் ஊருக்கு வர வேண்டிய பஸ்ஸும் இப்படித்தான்.

ஸ்கேனே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மச்சினனுக்கு இடுப்பு வலியோடு சாயங்காலக் காய்ச்சல், உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. சுளுக்கு என்று மூன்று மாதம் தைலம் தேய்த்தோம். கடைசியில் எம்.ஆர்.ஐ.தான் தண்டெலும்பில் டி.பி. என்று காட்டியது. கால் பலம் குறைந்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஓட வேண்டும். புற்றுநோய் வந்தவர்களுக்கும், விழுந்து அடிபட்டவர்களுக்கும் படம் தேவைப்படலாம். ஆபரேஷன் என்று முடிவானால் படம் இல்லாமல் முடியாது. இதில் ஒரு வரியாவது அந்தக் கட்டுரையில் உண்டா? மச்சினனுக்கும் எனக்கும் ஒரே அறிவுரை!

2019இல் எங்கள் சாலைக் குழியைப் பற்றி எழுதினேன். நான்கு வரியாக நறுக்கி, ஊர்ப் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். குழி இன்னும் அங்கேயே இருக்கிறது, அதில் பஸ் இறங்கி ஏறும்போது எல்4-எல்5 எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஸ்கேன் வேண்டாம். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தமிழில் தரக் கூடாதா என்றும் ஒரு முறை எழுதினேன். அது வரவே இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த அறிகுறி இருந்தால் உடனே ஸ்கேன், எதற்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்று ஒரு மருத்துவரிடம் கேட்டு அடுத்த ஞாயிறு கால் பக்கம் போடுங்கள். ஸ்கேன் விளம்பரத்தை அன்று ஒருநாள் மட்டும் வேறு பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்தக் கடிதத்தை நறுக்குவதானால் மச்சினன் விஷயத்தை நறுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்